வேளாண் செயலர் பி. சிவராமன், அந்த நாற்காலியின் வேலை: தெரிந்தவர்கள் சொல்லுங்க

ஆழியாத்துப் பையன்:

வணக்கமுங்க. கோவை வேளாண் பல்கலையில் இளங்கலை வேளாண்மை மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் ஆனைமலைப் பக்கம். குடிமைப் பணித் தேர்வுக்கு இப்போதிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகப் படித்து வருகிறேன்.

வேளாண்மைக்கும் ஊரக வளர்ச்சிக்குமான தேசிய வங்கியான நபார்டு எப்படி வந்தது என்று படிக்கும்போது 'சிவராமன் குழு' என்று வந்தது. அதே வாரம் பசுமைப் புரட்சி பற்றி ஒரு கட்டுரை படித்தேன். அதில் 1965-இல் மத்திய வேளாண் செயலராக இருந்தவர் பி. சிவராமன் என்று போட்டிருந்தது. ரெண்டும் ஒரே ஆளுங்களா?

வீட்டில் அப்புச்சியைக் கேட்டால் "எல்லாம் சி.எஸ். செஞ்சது கண்ணு" என்கிறார். அன்றைய உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம், அந்தச் செங்குட்டைப்பாளையத்துக்காரரைத் தவிர வேறு பெயர் அவர் காதில் ஏறாது. வகுப்பில் கேட்டால் எம்.எஸ். சுவாமிநாதன் என்கிறார்கள். அவரும் எங்கள் கல்லூரியில் படித்தவர்தான், அதனால் அந்தப் பெருமை தனி. அமைச்சர் ஒருவர், விஞ்ஞானி ஒருவர், சரி. நடுவில் இந்தச் செயலர் என்ன செய்தார்?

இன்னொன்று, கொஞ்சம் சுயநலக் கேள்வி. நம்ம மாதிரி வேளாண்மை படித்தவன் டிஎன்பிஎஸ்சி எழுதி வேளாண்மை அலுவலராகப் போனால் அந்த நாற்காலி வரை போக வழி உண்டா? இல்லை, யூபிஎஸ்சி ஒன்றுதான் வாசலா?

கடலைக்காட்டான்:

ஒரே ஆள்தான் தம்பி. ஐசிஎஸ் காலத்து, அதாவது வெள்ளைக்காரன் காலத்து ஆட்சிப் பணி அதிகாரி, ஒடிசாவில் வேலை பார்த்துவிட்டு டெல்லிக்குப் போனவர். சி.எஸ். அமைச்சராக இருந்தபோது வேளாண் செயலர். 1969, 70-இல் அமைச்சரவைச் செயலர், அதாவது நாட்டிலேயே பெரிய அதிகாரி. 1970-இல் அமைத்த தேசிய வேளாண் ஆணையத்தில் துணைத் தலைவர். 1979-இல் ரிசர்வ் வங்கி வேளாண் கடன் பற்றி ஒரு குழு போட்டது, அதற்குத் தலைவர். அந்தக் குழு சொல்லித்தான் 1982 ஜூலை 12-ஆம் தேதி நபார்டு வந்தது.

மற்றபடி செயலர் என்பவர் அமைச்சர் சொன்னதுக்குக் கையெழுத்துப் போடுகிற ஆள். உங்க அப்புச்சி சொல்வதுதான் சரி.

பழைய ஏடிஏ, கோபி:

கடலைக்காட்டார் வருஷமெல்லாம் சரியாகச் சொல்லிவிட்டார். கடைசி ரெண்டு வரியில்தான் எனக்குச் சண்டை.

நான் வேளாண்மை அலுவலராகச் சேர்ந்து உதவி இயக்குநராக (ஏடிஏ) ஓய்வு பெற்றவன். சர்வீஸ் பெரும்பாலும் கீழ்பவானி, தடப்பள்ளி, அரக்கன்கோட்டை என்று இந்த வாய்க்கால்களுக்குள்ளேயே ஓடிவிட்டது. செயலர்களை மேடையில் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. ஆனால் அவர்கள் போடும் உத்தரவு கடைசியாக வந்து விழுகிற இடத்தில் நின்றவன் நான். அந்த உரிமையில் சொல்கிறேன்.

1965-ஐ எடுத்துக்குங்க. மழை பொய்த்த வருஷம். முந்தின வருஷம் 8.9 கோடி டன் இருந்த நாட்டின் தானிய விளைச்சல் 7.2 கோடி டன்னுக்கு விழுந்தது. அமெரிக்கக் கப்பல் வந்தால்தான் ரேஷன் கடையில் கோதுமை. சி.எஸ். எஃகுத் துறையிலிருந்து 1964-இல் உணவுத் துறைக்கு வந்தார். அன்றைக்கு யாரும் ஆசைப்பட்டு வாங்குகிற இலாகா இல்லை அது. மெக்சிகோவிலிருந்து வந்த குட்டை ரகக் கோதுமை சோதனைத் திடலில் நன்றாக விளைகிறது என்று சுவாமிநாதன் போன்றவர்கள் காட்டிவிட்டார்கள். அது விஞ்ஞானி வேலை. நிதி அமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி செலவைக் காட்டி முகம் சுளித்தபோதும் 'இதைத்தான் செய்யப்போகிறோம்' என்று நின்றார் சி.எஸ். டெல்லி பங்களாவின் புல்தரையையே உழுது அந்தக் கோதுமையை விதைத்தார். அது அமைச்சர் வேலை.

அதற்கப்புறம்? 1966-இல் லெர்மா ரோஜோ 64, சொனோரா 64 என்ற ரெண்டு ரகத்திலும் சேர்த்து 18,000 டன் விதை வாங்கினார்கள். இதை ஒரு வரியில் படித்துவிட்டுப் போய்விடுவோம். அன்னியச் செலாவணிக்கு அனுமதி வாங்க வேண்டும். கப்பல் பிடிக்க வேண்டும். துறைமுகத்தில் இறக்கி, வேகன் கேட்டு, வடக்கே ஐப்பசி, கார்த்திகை விதைப்புக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். விதைப்புப் பருவம் தப்பினால் அது விதை இல்லை, ரொட்டிக்கு மாவு. அந்த ரகம் உரம் கேட்கும். உரத்துக்குக் கடன் வேண்டும். விளைந்து குவிந்தால் வாங்க ஆள் வேண்டும். இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரியில் தஞ்சாவூரில் ஆரம்பித்தார்கள். அதே வருஷம் வேளாண் விலைக் குழு வந்தது. 1966-67-க்குக் கோதுமைக்குக் குவிண்டால் 54 ரூபாய் என்று குறைந்தபட்ச ஆதரவு விலை வைத்தார்கள். 1966 முடிவதற்குள் விதைச் சட்டம் வந்தது. ஒவ்வொன்றும் ஒரு தனிக் கோப்பு. ஒன்று நின்றால் மற்றது போய்ப் பிரயோஜனமில்லை. இத்தனையும் ஒரே பருவத்துக்குள் வந்து சேருகிற மாதிரி நகர்த்துகிற நாற்காலிதான் தம்பி, செயலர் நாற்காலி.

இதை எங்கள் ஊர் அளவுக்குச் சுருக்கிக் காட்டுகிறேன். கீழ்பவானியில் நன்செய்க்கு ஆகஸ்ட் 15-ஐ ஒட்டித் தண்ணீர் விடுவார்கள். ஒரு வருஷம் ஒற்றைப்படை மதகுக்கு நெல் என்றால் அடுத்த வருஷம் இரட்டைப்படை மதகுக்கு. தண்ணீர் திறப்பது ஒரு துறை. விதை எங்கள் துறை. பயிர்க்கடன் கூட்டுறவு. உரம் எங்கிருந்தோ ரயிலில் வருகிறது. விவசாயி நாலு பேரையும் பார்ப்பதில்லை. நேராக டெப்போவுக்கு வருவார். (வேளாண்மை விரிவாக்க மையம் என்று போர்டு மாற்றி எவ்வளவோ காலமாகிவிட்டது, எங்கள் பக்கம் இன்றைக்கும் அது டெப்போதான்.) மூட்டையில் சான்று பெற்ற விதைக்கான நீல அட்டை இருக்கிறதா என்று பார்ப்பார். அட்டையில் முளைப்புத் திறன் 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. தைத்திருக்கும் ஈய முத்திரையை விரலால் இழுத்துப் பார்க்கிற பெரியவர்களும் உண்டு.

ஒரு வருஷம் வாய்க்காலில் தண்ணீர் வந்து, ஊரே நாற்று விட்டு முடித்த பிறகு எங்களுக்கு விதை மூட்டை வந்து இறங்கியது. எங்கோ ஒரு மேசையில் ஒரு கையெழுத்து தூங்கியிருக்கிறது. சனங்கள் தனியார் கடையில் வாங்கி விதைத்துவிட்டார்கள். எங்கள் மூட்டை எலிக்கும் வண்டுக்கும் காவல் காத்துக்கொண்டே கிடந்து, ஒன்பது மாசக் கெடு முடிந்து, விதை என்ற தகுதியை இழந்தது. தணிக்கையில் குறை சொல்லிப் பாரா எழுதினார்கள். யார் மேல்? டெப்போ பொறுப்பாளர் மேல். பாவம், அந்த மனுஷன் ஓய்வு பெறுகிற மாசம் வரை அதற்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தார்.

ஒரு வட்டாரத்தில் சில டன் நெல்லுக்கு இந்தக் கூத்து. 18,000 டன்னைக் கடல் தாண்டிக் கொண்டுவந்து பருவத்தில் விதைக்க வைத்த ஆட்களை 'கையெழுத்துப் போடுகிறவர்' என்று சொன்னால் எனக்குக் கோபம் வராதா?

இன்னொன்றையும் யோசிங்க. 1967 தேர்தலில் சி.எஸ். நின்றது எங்கள் கோபிச்செட்டிப்பாளையம் நாடாளுமன்றத் தொகுதியில். அரிசிப் பஞ்சம். 'ரூபாய்க்கு மூணு படி' என்று எதிர்முகாம் ஊர் ஊராகப் பேசுகிறது. நாட்டுக்கே சோற்று வழி தேடிக்கொண்டிருந்த உணவு அமைச்சர் சொந்தச் சீமையில் தோற்றார். அவர் போட்ட விதை பெரிய வெள்ளாமையாக வந்தது அடுத்த வருஷம்: 1967-68-இல் கோதுமை 1.65 கோடி டன். அதற்குத் தபால்தலை எல்லாம் வெளியிட்டார்கள். செயலரோ 1969-இல் அமைச்சரவைச் செயலர் ஆகிவிட்டார். கோபியில் தோற்றவர் பெயரை உங்க அப்புச்சி இன்னும் மறக்கவில்லை. மேலே மேலே போனவர் பெயரை நீங்கள் தேர்வுக் குறிப்பில் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ரெண்டு பேருக்கும் கிடைத்த பலன் அப்படித்தான் பிரிந்தது.

சிவராமனிடம் எனக்குப் பிடித்தது வேறு. பெரிய பதவி முடிந்ததும் ஆளுநர் மாளிகை, கம்பெனி இயக்குநர் என்று ஒதுங்காமல் திரும்பத் திரும்ப வேளாண்மைக்குள்ளேயே வந்து உட்கார்ந்தார். விதைக் கோப்பைப் பார்த்தவரிடமே பத்துப் பதினைந்து வருஷம் கழித்து, அந்த விதைக்குக் கடன் கிடைக்க என்ன வழி என்று கேட்டார்கள். ரிசர்வ் வங்கிக்குள் ஒரு மூலையில் இருந்தால் ஆகாது, இதற்கென்றே தனி வங்கி வேண்டும் என்று அவர் குழு சொன்னது. ஒரே சங்கிலியின் ரெண்டு கண்ணியைத் தொட்ட ஆள்.

மஞ்சக்காடு:

ஏடிஏ ஐயா, எழுத்தெல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா வாய்க்கால் பாயற பூமிக்காரர் பேசற பேச்சு இது. நாங்க சிவகிரி தாண்டி, கிணத்துத் தண்ணி. மஞ்சள் போடறோம். எந்தச் செயலர் வந்தாலும் மஞ்சளுக்கு ஆதரவு விலை பட்டியல்ல இடம் கிடையாது. நெல், கோதுமை, கொப்பரை வரைக்கும் இருக்குது, மஞ்சளுக்கு இல்லை. மண்டியில என்ன சொல்றாங்களோ அதான் விலை. ஈரோட்டு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு 2019-லேயே கொடுத்தாங்க. அப்புறம் 2025-ல தேசிய மஞ்சள் வாரியம்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. எங்க வச்சாங்க? நிஜாமாபாத்துல.

எங்க அப்பாரு பூமி காங்கேயத்துப் பக்கம், கொறங்காடு. கொழுக்கட்டைப் புல்லு, வேலி கட்டி மாடு மேய்க்கறது. அதுக்கு எந்தச் செயலராவது ஒரு கோப்பு எழுதி இருக்காரா? பசுமைப் புரட்சின்னு பேசறீங்க, வானம் பார்த்த காட்டுக்காரனுக்கு அதுல என்ன வந்துது? கிணறு ஆழமாச்சு, அதுதான்.

பழைய ஏடிஏ, கோபி:

மஞ்சக்காட்டாருங்க, நீங்க சொல்றதுல நூத்துக்கு எண்பது சரி. தண்ணீர் உறுதியாக இருந்த இடத்துக்குத்தான் அந்தத் திட்டம் போட்டார்கள். பஞ்சத்தில் இருக்கிற தேசம் சீக்கிரம் விளைகிற இடத்தைத்தான் முதலில் பிடிக்கும். அதற்கான விலையைப் புன்செய்க்காரன் கொடுத்தான், இன்னும் கொடுக்கிறான். நான் மறுக்கவில்லை.

ஆனால் கொறங்காடு ஏன் செயலர் மேசைக்குப் போவதில்லை என்று எனக்கு ஒரு கருத்து இருக்கிறது. என் பாதி உத்தியோகம் பயிர் அறுவடைப் பரிசோதனையில், அதாவது வயலில் ஒரு துண்டை மட்டும் அறுத்து விளைச்சலைக் கணக்கிடுகிற வேலையில் போயிற்று. அதை நேரில் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்.

சர்வே நம்பரை நாம் இஷ்டத்துக்குத் தேர்ந்தெடுக்க முடியாது, குலுக்கல் எண்படி வரும். வயலுக்குப் போனால் தென்மேற்கு மூலையில் நின்று நீளவாக்கில் இத்தனை அடி, அகலவாக்கில் இத்தனை அடி என்று அதற்கும் எண் உண்டு. நின்ற இடத்தில் முளை அடித்து 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்ட வேண்டும். சதுரம் சரியா என்று பார்க்க மூலைக்கு மூலை அளந்தால் 7.07 மீட்டர் வர வேண்டும். கயிறு தொய்ந்தால் வராது. மறுபடி கட்டு. கயிற்றுக்கு அடியில் நிற்கிற குத்து உள்ளேயா வெளியேயா என்று ஒரு பஞ்சாயத்து. அந்தச் சமயம் பார்த்து வீட்டு அம்மா வந்து "சார், அங்க எலி தின்னு போட்டுது, அந்த மூலையில கட்டுங்க" என்பார். பயிர்க் காப்பீடு வந்த பிறகு இந்தப் பேச்சு ரொம்ப ஜாஸ்தி. அறுத்து, தார்ப்பாயில் அடித்து, தூற்றி, தராசில் வைப்போம். 15 கிலோ வந்தால் ஹெக்டேருக்கு 6,000 கிலோ. 25 சதுர மீட்டரை 400-ஆல் பெருக்க வேண்டும் அல்லவா? ஆக, தார்ப்பாயின் மடிப்பில் நூறு கிராம் நெல் தங்கினால் ஹெக்டேருக்கு 40 கிலோ காணாமல் போகும். அதனால் தார்ப்பாயைத் தலைகீழாக உதறச் சொல்லி நான் நிற்பேன். ஆட்கள் திட்டுவார்கள்.

அந்த எண் மாவட்டத்துக்குப் போகிறது, சென்னைக்குப் போகிறது, கடைசியில் டெல்லியில் செயலர் மேசையில் ஒரு கட்டத்துக்குள் உட்காருகிறது. இறக்குமதி செய்யலாமா, ஏற்றுமதியை நிறுத்தலாமா, என்ன விலை வைக்கலாம், எல்லாம் அதிலிருந்துதான்.

இப்போது சொல்லுங்க, கொழுக்கட்டைப் புல்லுக்கு யார் கயிறு கட்டுகிறார்கள்? ஒரு ஏக்கர் கொறங்காடு எத்தனை மாட்டைத் தாங்கும் என்பது உங்க அப்பாருக்குத் தெரியும், அடங்கல் என்கிற கிராமப் பயிர்க் கணக்குக்குத் தெரியாது. எண்ணாக மேலே போகாத எதையும் கோப்பாக்க மாட்டார்கள். நல்ல செயலர் என்றால் மேசைக்கு வராத எண் எது என்று கேட்பவராக இருக்க வேண்டும் என்பது என் ஆசை. அப்படி எல்லாருமே கேட்டார்கள் என்று நான் சொல்லவில்லை.

மஞ்சள் விலையில் நான் வாய் திறக்கப் போவதில்லை. என் மச்சான் பெருந்துறை விற்பனைக்கூடத்தில் மூட்டை போட்டுவிட்டுக் காத்திருக்கிறார். வீட்டில் சோறு வேண்டும்.

ஆழியாத்துப் பையன்:

ரொம்ப நன்றிங்க ஐயா. அறுவடைப் பரிசோதனை எங்களுக்கு ஒரு பக்கப் பாடமாக இருக்கிறது, 7.07 அதில் இல்லை. என்னுடைய ரெண்டாவது கேள்விக்கு யாராவது சொல்லுங்களேன்.

உடுமலை ஏஓ:

இப்போது பணியில் இருக்கிறேன், அதனால் சுருக்கமாக.

வேளாண்மை அலுவலர், உதவி இயக்குநர், துணை இயக்குநர், இணை இயக்குநர், கூடுதல் இயக்குநர். இதுதான் நம் ஏணி. அதற்கு மேல் தமிழ்நாட்டில் வேளாண்மை உற்பத்தி ஆணையர் மற்றும் அரசுச் செயலர் என்பவர் ஐஏஎஸ். ஏணி அங்கே ஒட்டாது.

குறுக்கு வழி ஒன்று விதியில் இருக்கிறது. ஒரு மாநிலத்தின் ஐஏஎஸ் மேல்நிலைப் பணியிடங்களில் மூன்றில் ஒரு பங்கு வரை மாநில அதிகாரிகளுக்கு. அதில் பெரும்பகுதி துணை ஆட்சியர்களுக்குப் போகும். அந்தப் பங்கில் அதிகபட்சம் 15 சதவீதம் மட்டும் வருவாய்த் துறை சாராத மற்ற துறைகளுக்கு. வேளாண்மை, கால்நடை, ஊரக வளர்ச்சி, எல்லாரும் அந்தச் சின்ன வாசலில்தான் நிற்கிறார்கள். துணை ஆட்சியருக்கு இணையான பதவியில் எட்டு வருஷம் இருந்திருக்க வேண்டும், துறை பரிந்துரைக்க வேண்டும், அப்புறம் நேர்முகம். கிடைக்கிறபோது தலை நரைத்திருக்கும். டெல்லி செயலர் ஆவதற்கு வருஷம் மிச்சமிருக்காது.

மூன்றாவது வழி ஆராய்ச்சி. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநர்தான் வேளாண் ஆராய்ச்சி, கல்வித் துறைக்குச் செயலரும். அந்த நாற்காலிக்கு விஞ்ஞானி போகலாம். சுவாமிநாதன் அதில் இருந்துவிட்டு 1979-இல் வேளாண் அமைச்சகத்திலேயே முதன்மைச் செயலராகவும் உட்கார்ந்தார். ஆனால் அது அபூர்வம், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

செயலர் நாற்காலிதான் வேண்டும் என்றால் யூபிஎஸ்சி எழுதுங்க, சின்ன வயசிலேயே. வேளாண்மையை விருப்பப் பாடமாக எடுக்கலாம்.

கடலைக்காட்டான்:

ஏடிஏ ஐயா, 'கையெழுத்துப் போடுகிற ஆள்' என்பதை வாபஸ் வாங்குகிறேன். ஆனா ஒரு சந்தேகம். சி.எஸ். மாதிரி அமைச்சர் இல்லாம இருந்திருந்தா சிவராமன் அதே வேலையைச் செஞ்சிருப்பாரா?

பழைய ஏடிஏ, கோபி:

செய்திருக்க மாட்டார். கோப்பை நகர்த்தத் தெரிந்த செயலர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. 'தோற்றாலும் பரவாயில்லை, நகர்த்து' என்று சொல்லும் அமைச்சர் எப்போதாவதுதான் வருவார். மறுபக்கம், அந்த அமைச்சருக்கு ஏனோதானோ செயலர் அமைந்திருந்தால் கோதுமை பங்களாப் புல்தரையோடு நின்றிருக்கும். அதனால் அப்புச்சிக்கு முக்கால் மார்க் போடலாம்.

தம்பி, உடுமலை ஏஓ சொன்னபடி யூபிஎஸ்சி எழுதுங்க. ஆனால் பட்டம் வாங்குவதற்குள் ஒரு பருவமாவது ஏதாவதொரு டெப்போவில் உதவி வேளாண்மை அலுவலர் பின்னால் சுற்றுங்க. கிராமத் தங்கல் பயிற்சி உங்களுக்கு எப்படியும் வரும், அப்போது கோபி வட்டாரம் கேட்டு வாங்கிக்குங்க. தடப்பள்ளியில் அறுப்பு நேரத்தில் வந்தால் பழைய சிநேகிதர்களிடம் சொல்லி வைக்கிறேன், நீங்களே கயிறு கட்டலாம். ஷூ போட்டுக்கொண்டு வராதீங்க, சேற்றிலேயே தங்கிவிடும்.